சுவருக்கு அந்தப் பக்கத்துத் துளைகள்

செங்கல்பட்டில் நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டின் பின்புறத்தில் ஒரு ருமானி மாமரம் இருந்தது. என் மாமனார் வைத்த மரம். அவர் செய்யூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். அங்கே அவருடைய அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் வயலில் உழைத்தே செத்தார்கள். மாமனார் ரயில்வேயில் தண்டவாளம் செப்பனிடும் கேங்மேனாகச் சேர்ந்த பிறகுதான் அந்தக் குடும்பத்துக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று வந்தது. அதில் மிச்சம் பிடித்து, ஏரிக்காற்று வந்து படுகிற தூரத்தில் ஒரு மனை வாங்கினார். வீடு கட்டுவதற்கு முன்பே அந்த மனையில் மாங்கன்று வைத்துவிட்டார். ஒட்டுக் கன்று. ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயிலுக்குப் போய் வந்ததும், சட்டையைக் கழற்றாமலே அதற்குத் தண்ணீர் ஊற்றுவாராம்.

நான் அந்த வீட்டுக்கு வந்தபோது மரம் ஓட்டுக் கூரையைத் தாண்டி வளர்ந்திருந்தது. பழம் உருண்டையாக, தோல் மெல்லிசாக இருக்கும். மாமனாரிடம் ஒரு வழக்கம் உண்டு. கீழே விழுந்த பழத்தைத் தொடவே மாட்டார். பறித்ததைத்தான் தின்பார். முதலில் அது சுத்தம் பார்ப்பது என்று நினைத்தேன். "நைனா சின்ன வயசுல வுழுந்ததத்தான் துன்னுருக்காரு. ஆண்டையோட தோப்புல கை வச்சிப் பறிக்க முடியுமா?" என்று என் ஓரகத்தி ஒரு நாள் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது.

ஓரகத்தி என்றால் என் கணவருடைய அண்ணன் மனைவி. அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவளுக்குக் குழந்தை இல்லை. எனக்குப் பெண் பிறந்ததும் அது பாதி நாள் அவள் இடுப்பில்தான் வளர்ந்தது. நான் மிஷன் தொடக்கப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். காலையில் நான் கிளம்பும்போது குழந்தை அவளிடம் போகும், மாலையில் நான் வரும்போது வயிறு நிறைந்து, தலை வாரி, என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருக்கும். "ஒன் பொண்ணுக்கு ஒன்ன மறந்தே பூடுச்சு" என்று அக்கா சிரிப்பாள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம், நிறைய நிம்மதி.

அக்காவின் கணவர், என் மூத்தார், தச்சுவேலை செய்பவர். வீட்டுத் தெருப்பக்கத்தில் கொட்டகை போட்டு, கதவு, ஜன்னல், பெட்டி எல்லாம் செய்வார். என் கணவர் ஸ்டேஷனில் ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். அண்ணன் அதிகம் பேசமாட்டார். தம்பிக்குப் பேசாமல் இருக்க முடியாது. இருவருக்கும் ஒத்துப்போய்க்கொண்டுதான் இருந்தது.

மாமனார் இறந்த மறு வருடம் சொத்தைப் பிரித்தார்கள். ஐம்பதுகளின் தொடக்கம் அது, எந்த வருடம் என்பது எனக்கு நிச்சயமாக நினைவில்லை. சண்டை எதுவும் இல்லை. கூட வேலை செய்கிறவர்கள் என் கணவரிடம் சொல்லியிருக்கிறார்கள், அண்ணன் தம்பி ஒன்றாயிருக்கும்போதே அளந்து பிரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பின்னால் தகராறு வரும் என்று. அதை அவர் வந்து சொன்னார். அண்ணனும் சரி என்றார். தெருப்பக்கம் கொட்டகை இருந்ததால் அது அவருக்கு. பின்பக்கமும் பக்கவாட்டு வீடும் எங்களுக்கு. மரம் யாருக்கு என்று வந்தபோது என் கணவர் தயங்கியபடி கேட்டார்.

"அண்ணே, மரம் எனுக்கு இருக்கட்டும்ண்ணே."

மூத்தார் சிரித்தார். "வச்சிக்கோ. எனுக்கு அறுத்த மரத்தோட மாரடிக்கவே நேரம் சரியா கீது. உசுரோட கீறத நீயே பாத்துக்கோ."

நடுவில் சுவர் எழுப்பினார்கள். அளவு போட்டபோது கோடு மரத்தை ஒட்டியே போனது. அடிமரம் எங்கள் பக்கம், ஆனால் சுவர் அதை உரசிக்கொண்டு நின்றது. மரத்தின் பின்பாதியைப் பார்க்க வேண்டுமென்றால் அண்ணன் வீட்டுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். கிணறும் கோட்டின் மேலேயே விழுந்தது. அதனால் கிணற்றின் வாயைச் சுவர் இரண்டாகப் பிரித்து, இரண்டு பக்கமும் உருளை மாட்டினார்கள். நான் வாளி விட்டால் அக்காவின் வாளி தண்ணீரில் ஆடுவது தெரியும். சுவருக்கு அடியில் கிணற்று வழியாகவே நாங்கள் பேசிக்கொள்வோம். குரல் உள்ளே இறங்கி, ஈரமாகி, மேலே வரும்.

அஸ்திவாரம் தோண்டியது என் கணவர்தான். லீவு போட்டுவிட்டுத் தோண்டினார். கை பருமனுக்கு ஒரு வேர் குறுக்கே வந்தது. கடப்பாரையால் இரண்டு மூன்று தடவை குத்திப் பார்த்துவிட்டு, அண்ணனிடம் கோடாலி வாங்கி வெட்டினார். வெட்டிய இடத்தில் பால் கசிந்ததை நான் பார்த்தேன். அப்போது யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

முதல் மனக்கசப்பு ஒரு கிளையால் வந்தது. மரத்தின் பெரிய கிளை ஒன்று சுவரைத் தாண்டி மூத்தார் வீட்டுக் கூரைமேல் நீண்டிருந்தது. குரங்குகள் அதன் வழியாக இறங்கி ஓட்டை உடைத்தன. மழை வந்தபோது அவர் கொட்டகையில் ஒழுகி, அறுத்து அடுக்கியிருந்த பலகைகள் நனைந்து வளைந்தன. கிளையை வெட்டிக்கொள்ளட்டுமா என்று தம்பியிடம் கேட்டார்.

"நைனா வச்ச மரம்ண்ணே. ஒரு கெளையக்கூட நா வெட்ட விடமாட்டேன்."

"நா இன்னா மரத்தையா வெட்றேன்னேன்? கூரமேல வந்தத மட்டும்தான்டா."

"ஓடு நா மாத்தித் தர்றேன். கெளைய விட்ருங்க."

ஓட்டை மாற்றித் தரவும் செய்தார். ஆனால் குரங்குகள் திரும்ப வந்தன. மூத்தார் அதன்பிறகு கேட்கவில்லை. உடைந்த ஓடுகளைத் தானே ஏறி மாற்றிக்கொண்டார். ஏணிமேல் நின்று அவர் கிளையைத் தள்ளிவிடுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் என் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

அடுத்த தை மாதத்தில் மரம் பூத்தபோது, அந்தக் கிளை மட்டும் பூக்கவில்லை. மாசியில் அதன் நுனி இலைகள் பழுப்பாகி உதிர ஆரம்பித்தன. வெயில் ஏற ஏற, பக்கத்துக் கிளைக்கும் அது பரவியது. மற்ற கிளைகளில் வந்த பிஞ்சுகளும் புளியங்கொட்டை அளவில் கருகி விழுந்தன. காலையில் நான் வாசல் பெருக்குவதைவிட மரத்தடி பெருக்குவதுதான் பெரிய வேலையாக இருந்தது.

என் கணவர் டியூட்டி முடிந்து வந்ததும் நேராக மரத்திடம்தான் போவார். அவருக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தார். வேப்பம் புண்ணாக்கு வைத்தார். மண்ணைக் கொத்திவிட்டு எரு போட்டார். யாரோ சொன்னார்கள் என்று அடிமரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார். இன்னொருவர் கண்பட்டுவிட்டது என்றார். அதற்கு நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, ஆனால் எங்கள் போதகர் வந்தபோது என் கணவர் அவரை மரத்தடிக்கு அழைத்துப்போய் ஜெபம் செய்யச் சொன்னார். போதகருக்குச் சங்கடமாக இருந்திருக்கும். குடும்பத்துக்காகச் செய்கிற மாதிரி ஒரு சிறு ஜெபம் செய்துவிட்டுப் போனார்.

சுண்ணாம்பு அடித்ததால்தான் அந்தத் துளை கண்ணில் பட்டது. வெள்ளைக்கு நடுவில் ஓர் இடத்தில் பழுப்பாக நீர் வழிந்திருந்தது. சுவரை ஒட்டிய பக்கம், இடுப்பு உயரம். துடைத்துப் பார்த்தால் உருண்டையாக ஒரு ஓட்டை. என் கணவர் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். சரியாக உள்ளே போனது. அடியில் மரத்தூள் கொஞ்சம் கொட்டிக் கிடந்தது.

மறுநாள் ஸ்டேஷனில் யாரிடமோ சொல்லியிருக்கிறார். அந்த ஆள், மரத்தைச் சத்தமில்லாமல் கொல்ல வேண்டுமென்றால் துரப்பணத்தால் துளைபோட்டு உள்ளே பெருங்காயம் வைத்து அடைத்துவிடுவார்கள், இலை கொட்டி மரம் பட்டுப்போகும் என்று சொல்லியிருக்கிறார். நானும் அப்படிக் கேள்விப்பட்டிருக்கிறேன். எல்லாரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் அன்று சாயங்காலம் என் கணவர் வீட்டுக்கு வந்த முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. என் கையைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"மோந்து பாரு."

நான் குனிந்து முகர்ந்தேன். புளித்த மர வாசனைதான் வந்தது.

"பெருங்காய வாசன வர்ல?"

"வர்லீங்க."

"ஒனுக்கு வர்ல. எனுக்கு வர்து" என்றார். பிறகு மெதுவாக, "துரப்பணம் இந்தத் தெருவுல யார்கிட்டமே கீது?" என்று கேட்டார்.

அந்தத் தெருவில் தச்சுக் கொட்டகை ஒன்றுதான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் எல்லாரும் ஒன்றாகத்தான் திரும்பி வந்தோம். குழந்தை அக்கா இடுப்பில் இருந்தது. வீட்டு வாசலில், தெருவில் ஜனங்கள் வந்துகொண்டிருக்கும்போதே, என் கணவர் நின்றார்.

"அண்ணே, கெளைய வெட்டணும்னா வெட்டியே இருக்கலாமே. மரத்துக்கு ஏன்ண்ணே வெசம் வச்ச?"

மூத்தாருக்கு முதலில் விளங்கவில்லை. "இன்னாடா சொல்ற?"

"ஒன் துரப்பணம் போட்ட ஓட்ட கீது. வெரல வுட்டுப் பாத்தேன். வா, வந்து நீயும் பாரு."

தெருவில் நடந்துபோனவர்கள் நின்றார்கள். மூத்தார் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோபப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் குரல் மிகவும் தாழ்ந்து வந்தது.

"நைனா வச்ச மரம்டா அது. நா அத ஏன்டா கொல்லப்போறேன்?"

"கூர ஒழுவுதுன்னு சொன்னியே."

"சொன்னேன். அதுக்கு?"

என் கணவர் அதற்கு மேல் என்ன சொன்னார் என்பதை எழுத எனக்கு மனமில்லை. சொத்துப் பிரித்ததில் தொடங்கி, சிறுவயதில் நடந்தது வரைக்கும் போனது. கடைசியில் மூத்தார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா குழந்தையை இறக்கி என் பக்கம் விட்டுவிட்டுப் பின்னாலேயே போனாள். குழந்தை பெரிம்மா என்று கத்தியபடி அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் கிணற்றில் அக்காவின் வாளி ஆடியது. நான் சுவரோரம் போய் நின்றேன்.

"யக்கா."

அவள் வாளியை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் வந்தது. "நீயும் நம்பறியா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"அப்ப அத ஒன் வூட்டுக்காரருகிட்ட சொல்லு. என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது."

அவரிடமும் சொன்னேன். அன்று சொன்னேன், மறுநாள் சொன்னேன், அடுத்த வாரமும் சொன்னேன். கடைசியில், "நீ அவங்க கட்சியா?" என்று கேட்டார். பிறகு கிணற்றடியில் பேசக் கூடாது என்றார். குழந்தையை ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த ஒரு ஆயாவிடம் விட ஏற்பாடு செய்தார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் காய்கறித் தோட்டம் ஒன்று போட்டிருந்தோம். விவசாய டிப்போவிலிருந்து ஒரு அதிகாரி விதை கொடுத்து, அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போவார். அவர் வந்த ஒரு நாள் நான் மரத்தைப் பற்றிச் சொன்னேன். துளை, மரத்தூள், இலை உதிர்வது எல்லாம் சொன்னேன். பெருங்காயத்தைப் பற்றிச் சொல்லவில்லை. பாதி கேட்கும்போதே தலையாட்டினார். "பாத்துட்டாப் போவுது டீச்சர்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார்.

என் கணவர் வீட்டில் இருந்தார். அது நல்லதென்றே நான் நினைத்தேன். அதிகாரி மரத்தைச் சுற்ற முடிந்த அளவு சுற்றினார். பட்டையைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். உதிர்ந்திருந்த தூளை உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்தார். பிறகு தன் பையிலிருந்து நுனி வளைந்த ஒரு கம்பியை எடுத்துத் துளைக்குள் விட்டுத் துழாவினார். ரொம்ப நேரம் துழாவினார். எதுவோ சிக்கியது. மெல்ல இழுத்தபோது, வெண்ணெய் நிறத்தில், என் விரலைவிடப் பெரிய ஒரு புழு நெளிந்துகொண்டே வெளியே வந்தது. தலை மட்டும் கறுப்பு.

"இதுதாங்க உங்க நோய்" என்றார். "தண்டுத் துளைப்பான். ஒரு வண்டு வந்து பட்டை இடுக்குல முட்டை வைக்கும். பொரிச்சு வர்ற புழு மரத்த உள்ளயே தின்னுக்கிட்டுப் போவும். அந்தத் தூள் அது தள்ளின கழிவு."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தரையில் நெளிகிற புழுவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஏதோ தளர்வதைப் போலத் தெரிந்தது. இதோ, முடிந்தது, இப்போதே சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடுவார் என்று எனக்குத் தோன்றியது.

அவர் நிமிர்ந்தார். "சார், தொள மொதல்ல யாராச்சும் போட்டு, அதுக்குள்ள அப்பால இந்தப் புழு வந்து பூந்திருக்கலாம் இல்ல?"

"அப்படி வராதுங்க. இது உள்ளேருந்து வெளிய போட்ட ஓட்டை."

"நீங்க படிச்சவங்க, சொல்றீங்க" என்றார் என் கணவர். மரியாதையாகத்தான் சொன்னார். அதிகாரிக்கு எதுவும் புரியவில்லை. அவர் மரத்தின் அடியில் சுவரை ஒட்டி உட்கார்ந்து மண்ணைத் தள்ளிப் பார்த்தார். "இங்க வேர வெட்டிருக்கீங்களா? செவுரு கட்டறப்பவா? அதான். வேர் போன மரம் நோஞ்சானாயிடும். இந்த வண்டு அந்த மாதிரி மரமாப் பாத்துதான் வரும்."

வேரை வெட்டியவர் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

அதிகாரி வைத்தியம் சொன்னார். ஒவ்வொரு துளையிலும் கம்பி விட்டுப் புழுவை எடுக்க வேண்டும். எட்டாத இடத்துக்குப் பஞ்சைப் பெட்ரோலில் நனைத்து உள்ளே திணித்து, களிமண்ணால் அடைக்க வேண்டும். காய்ந்த கிளைகளை வெட்டி எரிக்க வேண்டும். "எல்லாத் துளையையும் அடைக்கணும். ஒண்ணு ரெண்டு விட்டாலும் பிரயோஜனமில்ல. இந்தப் பக்கத்தவிட அந்தப் பக்கம்தான் ஜாஸ்தி இருக்கும்போலத் தெரியுது. பக்கத்து வீட்ல சொல்லிப் பாத்துடுங்க." கிளம்பும்போது என்னிடம் மட்டும், "கொஞ்சம் லேட்டுதான் டீச்சர். பாருங்க" என்றார்.

எங்கள் பக்கத்துத் துளைகளுக்கு என் கணவர் அன்றே வைத்தியம் செய்தார். ஒழுங்காகச் செய்தார். காய்ந்த கிளைகளையும் வெட்டினார், மூத்தார் கூரைமேல் இருந்த கிளை உட்பட. முன்பு அண்ணன் கேட்டும் அவர் வெட்டவிட மறுத்த கிளை அது. அது விழுந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் தச்சுச் சத்தம் நின்றது, பிறகு தொடர்ந்தது.

"அந்தப் பக்கமும் பாக்கணுமே" என்றேன்.

"நா போய்க் கேக்கமாட்டேன்."

"நா கேக்கறேன்."

"ஒன் இஷ்டம்."

நான் போனேன். அக்கா கதவைத் திறந்தாள், என் தோளுக்குப் பின்னால் குழந்தை வந்திருக்கிறதா என்று பார்த்தாள். நான் புழுவைப் பற்றிச் சொன்னேன். அவள் கண் கலங்கியது. மூத்தார் இழைப்புளியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, அவரு தப்பா நெனச்சிட்டாரு. இது புழுதான்னு ஆபீசர் சொல்லிட்டாரு."

"அவன் இன்னா சொன்னான்?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

"ஆபீசர் சொன்னது எனுக்கு வாணாம்மா. அவன் வந்து கேக்கட்டும். தெருவுல நிக்க வச்சில்ல கேட்டான்? வூட்டுக்குள்ள வந்து கேட்டாலே போதும். கதவு தெறந்துதான் கீது."

இதை என் கணவரிடம் சொன்னேன். அவர் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். போகவில்லை. அந்தக் கோடை முழுக்க அவர் போகவில்லை. ஒரு முறை செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பியதைப் பார்த்தேன். என்னிடம் ஸ்டேஷனுக்குப் போகத்தான் கிளம்பியதாகச் சொன்னார். அன்று அவருக்கு டியூட்டி இல்லை.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பு மூத்தார் வீட்டைக் காலி செய்தார். மாமல்லபுரத்துக்குக் கிட்டே கடலோரக் குப்பம் ஒன்றில் மிஷன் பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள், பெஞ்சும் கதவும் செய்ய ஆள் வேண்டும், தங்க இடமும் தருகிறார்கள் என்று போய்விட்டார். மாட்டுவண்டியில் சாமான் ஏற்றியபோது என் கணவர் டியூட்டியில் இருந்தார். அக்கா என்னிடம் வந்து வீட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

"அப்பப்ப தெறந்து பெருக்கிப் போடு. கரையான் வந்துடும்" என்றாள். பிறகு என் பெண்ணைத் தூக்கினாள். அதற்குள் குழந்தைக்கு அவள் பழக்கம் விட்டுப்போயிருந்தது. நழுவி என் புடவையைப் பிடித்துக்கொண்டது. அக்கா அதன் தலையைத் தடவிவிட்டு வண்டியில் ஏறினாள்.

சாவி கைக்கு வந்ததும், மரத்தின் அந்தப் பக்கத்தை நானே பார்த்துவிடலாம் என்று கம்பியும் பெட்ரோலும் எடுத்துக்கொண்டு போனேன். மூத்தார் வீட்டுப் பின்முற்றத்தில் நின்று பார்த்தேன். சுவருக்கு மேலே தெரிந்த அடிமரம் முழுக்கத் துளைகள். ஆனால் பெரும்பாலானவை ஏற்கெனவே அடைபட்டிருந்தன. மரத்தூளையும் வஜ்ஜிரப் பசையையும் குழைத்து, தச்சர்கள் பலகையில் இருக்கும் ஓட்டையை அடைக்கிற மாதிரி, வழவழவென்று தேய்த்து அடைத்திருந்தார். சுவரில் ஒரு ஆணி. அதில் நுனி வளைந்த ஒரு கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி சொன்னதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது. தம்பி வரவில்லை என்றாலும் அவர் பாட்டுக்கு ஏணி போட்டு ஏறி, சத்தமில்லாமல் ஒவ்வொரு துளையாகப் பார்த்திருக்கிறார்.

நான் ஓடிவந்து என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் அண்ணன் வீட்டுக்குள் அத்தனை மாதங்களுக்குப் பிறகு கால் வைத்தார். மரத்தருகே போய் நின்று அந்த அடைப்புகளைத் தடவிப் பார்த்தார்.

"பாத்தியாமே?" என்றார். "போட்ட ஓட்டையெல்லாம் வெளிய தெரியாம மூடிட்டுப் போய்ட்டான்."

அதற்குப் பிறகு அந்த விஷயத்தைப் பற்றி நான் அவரிடம் பேசுவதை விட்டுவிட்டேன். அடைபடாமல் இருந்த துளைகளை நானே அடைத்தேன். புழு எதுவும் வரவில்லை. மழை நன்றாகப் பெய்தது. நம்பிக்கையோடு தினமும் நிமிர்ந்து பார்ப்பேன். ஊரில் எல்லா மரமும் தளிர்த்தது. எங்கள் மரத்தில் ஒரே ஒரு கொப்பில் செம்பு நிறத்தில் கொஞ்சம் தளிர் வந்தது, அதுவும் கார்த்திகையில் சுருண்டுவிட்டது. பட்டை தானாக உரிந்து விழ ஆரம்பித்தது.

காய்ந்த மரம் கூரைமேல் சாய்ந்துவிடும் என்று மறு வருடம் ஆள் விட்டு வெட்டினோம். அறுப்புக்காரர்கள் இரண்டு பேர். அடிமரத்தைத் துண்டு போட்டதும் ஒருவன், "இன்னாங்க இது, வெறகுக்குக்கூட ஆவாது" என்றான். உள்ளே வழி வழியாக, ஒன்றுக்குள் ஒன்று வளைந்து, மேலும் கீழுமாகப் போயிருந்தது. சில இடத்தில் என் கை நுழையும். சுண்ணாம்பு அடித்தபோது தெரிந்த அந்த முதல் துளை இருந்த இடத்தை என் கணவர் தனியாகப் பிளக்கச் சொன்னார். துளை நேராக உள்ளே போகவில்லை. உள்ளே அகலமாக, மேலிருந்து வளைந்து இறங்கி, வெளியே வரும் இடத்தில் குறுகியிருந்தது. எந்தத் துரப்பணமும் அப்படிப் போடாது. அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் தச்சன் வீட்டுப் பிள்ளைபோல அண்ணன் கொட்டகையில் வளர்ந்தவர்.

அந்தத் துண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அறுப்புக்காரர்கள் கூலி வாங்கிக்கொண்டு போனார்கள். குழந்தை வந்து கூப்பிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. வெயில் அவர்மேல் நேராக விழுந்தது. முன்பு அந்த இடத்தில் ஒருநாளும் வெயில் விழுந்ததில்லை.

"ஞாயித்துக்கெழம போலாம்" என்றார் என்னிடம். எங்கே என்று நான் கேட்கவில்லை.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு பஸ் பிடித்தோம். அங்கிருந்து சவுக்குத் தோப்பு ஓரமாக மணலில் நடந்தோம். வழியெல்லாம் என் கணவர் பேசிக்கொண்டே வந்தார். என்ன சொல்ல வேண்டும், எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று. காலில் விழுந்துவிடுவேன் என்றார். "அண்ணன் ரெண்டு அற அறைஞ்சாக்கூட வாங்கிப்பேன்" என்றார். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தார்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை. மூத்தார் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் இழைப்புளியை வைத்துவிட்டு எழுந்தார். உடம்பு இளைத்திருந்தது.

"வாங்க" என்றார். "ஒக்காருங்க."

அது எனக்கென்றுதான் நான் முதலில் நினைத்தேன். அவர் பார்வை தம்பிமேல் இருந்தது.

அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மீன் குழம்பு வைத்தாள். என் பெண் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றது. "பெரிம்மாடி" என்று நான் தள்ளினாலும் போகவில்லை. அக்கா வற்புறுத்தவில்லை. ஒரு கிண்ணத்தில் சோறு போட்டு என்னிடம் கொடுத்து, "நீயே ஊட்டு" என்றாள்.

சாப்பிட்டு முடித்த பிறகு என் கணவர் ஆரம்பித்தார்.

"அண்ணே, மரத்த வெட்டிட்டேன்."

"கேள்விப்பட்டேங்க."

"உள்ள பாத்தேன்ண்ணே. புழுதான். முழுக்கப் புழு."

"அப்படிங்களா" என்றார் மூத்தார்.

"நா தெருவுல வச்சிக் கேட்டது..." என் கணவர் குனிந்து அண்ணன் காலைத் தொடப் போனார். மூத்தார் பின்னால் நகர்ந்து, அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். மென்மையாகத்தான் செய்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

"அதெல்லாம் வாணாங்க. நடந்தது நடந்துபோச்சு. நேரத்தோட கெளம்பினா நல்லது. மூணு மணிக்கு மேல பஸ் கூட்டமா கீது."

அக்கா அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சாவியை எடுத்து நீட்டினேன். "ஒங்கிட்டயே இருக்கட்டும். நாங்க வர்ல" என்றாள். அவர்களுடைய பாதி வீட்டை அதற்குப் பிறகு வாடகைக்கு விட்டார்கள், பின்னால் விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் கிணற்றில் அவர்கள் பக்கத்து வாயைப் பலகை போட்டு மூடிவிட்டார்கள்.

நாங்கள் கிளம்பும்போது மூத்தார் சவுக்குத் தோப்பு முடியும் வரை கூட வந்தார். குழந்தையைத் தூக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்கவில்லை. பஸ் வந்ததும், "பாத்துப் போங்க" என்றார்.

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் கணவர் என் பக்கம் திரும்பாமலேயே கேட்டார்.

"என்னிய வாங்கன்னு கூப்ட்டாரு. கேட்டியா?"

"கேட்டேன்."

"பொறந்ததுலேருந்து வாடாதான்."

அதன்பிறகு அவர்கள் இருவரும் நெடுங்காலம் உயிரோடு இருந்தார்கள். கல்யாணத்திலும் சாவிலும் பார்த்துக்கொள்வார்கள். மூத்தார்தான் முதலில் கை கூப்புவார். "சௌக்கியங்களா?" என்பார். என் கணவர் தலையை ஆட்டுவார். பந்தியில் பக்கத்தில் இடம் இருந்தாலும் அண்ணன் வேறு வரிசையில் போய் உட்காருவார். அக்கா எனக்குப் பக்கத்தில் உட்காருவாள். பிள்ளைகளைப் பற்றி, விலைவாசியைப் பற்றிப் பேசுவோம். அவள் கண் என் பெண் எங்கே இருக்கிறாள் என்று தேடும், கண்டுபிடித்ததும் வேறு பக்கம் திரும்பிவிடும்.